விளக்கை ஒப்படைத்த பிறகு

லூயிசா: அப்ப ரிசல்ட் வந்துடுச்சு.

கிளாரன்ஸ்: வந்துச்சுன்னு நான் சொன்னேனா?

லூயிசா: வரலைன்னும் சொல்லலையே. "நாளைக்குப் பேசலாம்"னு சொன்ன. வராத ரிசல்ட்டப் பத்தி நாளைக்கு இன்னாண்ணா பேசறது?

கிளாரன்ஸ்: நீ ஈவினிங் காலேஜுக்குப் போறியா, வக்கீலுக்குப் படிக்கறியா? புடவை ஓரத்த இழுத்துப் புடி. சுருக்கம் வுழுந்தா அண்ணன் இஸ்திரி சரியில்லன்னு என்னத்தான் சொல்லுவே.

லூயிசா: புடவை கெடக்கட்டும். எங்கிட்ட அவ்வளவு ரத்தம் எடுத்தாங்க. இன்னாத்துக்கு? என் மஜ்ஜை உனக்குப் பொருந்துதான்னு பாக்க. பொருந்துனா உன் உயிரு தப்பும். எனக்குக் கேக்க உரிமை இல்லையா?

கிளாரன்ஸ்: யாரு இல்லன்னது? நாளைக்கு செமினார்ல பேசு, வூட்டுக்கு வா, ஒரு டீயக் குடி... அப்பால கேளு.

லூயிசா: நான் இன்னா சுரங்கத்துல கீழ லெவல்ல நிக்கறேனா?

கிளாரன்ஸ்: அப்படித்தான் வெச்சுக்கோ.

லூயிசா: சுரங்கத்த மூடிட்டாங்கண்ணா. ஆள எறக்கற கேஜும் இல்ல, ஷிஃப்ட்டும் இல்ல. நீ மட்டும் இன்னும் ஷாஃப்ட் குழி வாசல்ல நின்னு மணி அடிச்சுக்கினு கீற.

கிளாரன்ஸ்: மூடுனது சுரங்கத்த. வழக்கத்த யாரு மூடுனா? கீழ கீற ஆளுக்கு கெட்ட சேதி சொல்லக்கூடாது. பொண்டாட்டி செத்தாலும் சரி, வூடு எரிஞ்சாலும் சரி. சொன்னா மனசு வூட்டுக்குப் போயிடும், தலைக்கு மேல கீற கல்லப் பாக்க மாட்டான். மேல வரணும். லேம்ப் ரூம்ல விளக்க ஒப்படைக்கணும். அப்பறம்தான் சேதி.

லூயிசா: அப்ப இது கெட்ட சேதி.

கிளாரன்ஸ்: ...நான் அப்படிச் சொல்லல.

லூயிசா: கெட்ட சேதிதான் சொல்லக்கூடாதுன்னு இப்பத்தான சொன்ன?

கிளாரன்ஸ்: நல்ல சேதியும்தான். ஆம்பளப் புள்ள பொறந்துச்சுன்னு கேட்டு ஒருத்தன் ஏணிலேருந்து வுழுந்தான், தெரியுமா? நீ பேச்ச மாத்தாத. செமினார சொல்லிக் காட்டு. பத்து நிமிஷம் பேசணும்னு ஒரு வாரமா சோறு எறங்காம திரியற.

லூயிசா: பேச்ச மாத்தறது நீ.

கிளாரன்ஸ்: சொல்லு, சொல்லு. நான்தான் உன் க்ளாஸு. ஒருத்தன், அதுவும் ஏழாவது ஃபெயிலு. இதவிட பயமில்லாத க்ளாஸு கெடைக்குமா?

லூயிசா: ..."மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களே, என் சக மாணவ மாணவியரே, இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு..."

கிளாரன்ஸ்: அய்யய்யோ! பெரிய வெள்ளிக்கிழமை பிரசங்கம் மாதிரி கீது. முட்டி போடட்டுமா?

லூயிசா: போண்ணா. இதுக்குத்தான் நான் சொல்ல மாட்டேன்னது. எனக்கே பாதி சரியான்னு தெரியல. நம்பர் போட்டு நம்பர் போட்டு எழுதி வெச்சேன், வாயத் தொறந்தா மூணாவதுக்கு அப்பறம் ஏழாவது வருது.

கிளாரன்ஸ்: எங்கிட்ட பேசற மாதிரி பேசு. நம்பர் வேணாம்.

லூயிசா: சரி... புரோட்டீன்னா முட்டை, பருப்புன்னு நெனைக்காத. ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வேலை பாக்கற ஆளுங்க அவங்கதான். நீளமா ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலில அங்கங்க ஒரு பாகம் தானா சுருண்டு, தனியா ஒரு உருவம் எடுத்துக்கும். அதுக்குப் பேரு டொமைன்.

கிளாரன்ஸ்: துண்டுன்னு சொல்லு, போதும்.

லூயிசா: துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலைதான் தெரியும். ஒண்ணு, செல்லோட சுவத்துல போய் ஒட்டிக்கும். ஒண்ணு, பக்கத்துல கீறவன் மேல ஒரு அடையாளம் வெக்கும். இன்னொண்ணு, அந்த அடையாளம் யாரு மேல கீதுன்னு தேடிப் போய்ப் புடிச்சுக்கும். இப்படி ஒருத்தர் கைலேருந்து ஒருத்தர் கைக்கு மாறி, வெளிய வந்த சேதி செல்லோட நடு வரைக்கும் போவும். வளரு, நில்லு, செத்துப் போ...

கிளாரன்ஸ்: செத்துப் போன்னுகூட சேதி வருமா?

லூயிசா: வரும். பழசாப் போன செல்லு அதக் கேட்டு ஒழுங்கா செத்துப்போவும்.

கிளாரன்ஸ்: நம்ம யூனியன் ஆளுங்களவிட மரியாதை தெரிஞ்சவங்க. ...அப்ப மணிதான் இது. கீழேருந்து மூணு அடிச்சா ஆளு ஏர்றான். ஓடற கேஜுக்கு ஒண்ணு அடிச்சா நில்லு. நான் வாங்கி இன்ஜின் ரூமுக்கு அடிப்பேன். இன்ஜின்காரனுக்கு கேஜும் தெரியாது ஆளும் தெரியாது. மணி மட்டும்தான் தெரியும்.

லூயிசா: அதேதான்! ண்ணா, இத நாளைக்கு சொல்லட்டுமா?

கிளாரன்ஸ்: சொல்லிக்கோ. எங்கண்ணன் சொன்னான்னு மட்டும் சொல்லாத, மார்க்க கொறைச்சிடுவாங்க. மேல சொல்லு.

லூயிசா: இப்பத்தான் தலைப்புக்கே வரேன். புதுப்புது சேதியெல்லாம் எப்படி உண்டாச்சுன்றதுதான் கேள்வி. ஈஸ்ட் கீதில்ல, அது ஒத்தச் செல்லு. அதுக்கு இவ்வளவு பேச்சு வேணாம். அந்தத் தேடிப் புடிக்கற துண்டு ஈஸ்ட்ல ஒண்ணு கெடைக்கறதே கஷ்டம். நம்ம ஒடம்புல நூறுக்கு மேல கீது.

கிளாரன்ஸ்: அவ்வளவும் யாரு செஞ்சு குடுத்தது?

லூயிசா: யாரும் புதுசா செய்யலண்ணா. பழச நகல் எடுக்குது. ஒரு நகல் பழைய வேலையப் பாத்துக்கினு கீறதால, இன்னொண்ணு கொஞ்சம் கொஞ்சமா மாறலாம், தப்பில்ல. இல்லன்னா ஒரு துண்டு பேந்துக்கினு போய் வேற ஒண்ணோட தலைல ஒட்டிக்கும். தேடறவன் தனி, அடையாளம் வெக்கறவன் தனின்னு இருந்தது, ரெண்டும் ஒரே ஆளா ஆயிடும். அதுவரைக்கும் உலகத்துல இல்லாத ஒரு வேலை வந்துடும். பழைய துண்டுதான், ஆனா புது சேதி.

கிளாரன்ஸ்: இதத்தான் நாங்க வருஷக்கணக்கா பண்ணோம். புது சாமான் கேட்டா வராது. மூடுன ஷாஃப்ட்டுலேருந்து கழட்டினு வந்து இங்க மாட்டுவோம். ஒரு தடவ பம்ப்போட வால்வ கம்ப்ரஸர்ல மாட்டி... ஓடிச்சு!

லூயிசா: எல்லாம் ஓடுமா?

கிளாரன்ஸ்: எங்க? ஏதோ ஒண்ணு ஓடும். மீதி வெடிக்கும்.

லூயிசா: இங்கயும் அப்படித்தான்.

கிளாரன்ஸ்: இங்க வெடிச்சா இன்னா ஆவும்?

லூயிசா: ...அது என் செமினார்ல இல்ல.

கங்கம்மா: லூயிசா! ஏ லூயிசா! நீர் பந்த்தும்மா, கொழாய்ல தண்ணி வந்துடுச்சு! கொடத்தக் குடு, என் கொடத்துக்குப் பின்னாடியே வெக்கறேன்.

லூயிசா: வாசல்லயே கீது கங்கம்மாக்கா, எடுத்துக்குங்க. நான் இதோ வரேன்.

கங்கம்மா: அய்யோ, நீயா இஸ்திரி போடற கிளாரன்ஸு? உங்கம்மா எங்க? மூஞ்சி இன்னாப்பா இப்படி வெளுத்துக் கீது?

கிளாரன்ஸ்: அம்மா மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போயிருக்குது. மூஞ்சி... வெள்ளக்காரன் போறப்ப எங்கிட்ட வுட்டுட்டுப் போன கலரு, கங்கம்மாக்கா.

கங்கம்மா: உனக்கு எல்லாம் சிரிப்பு. டஸ்ட்டுதான், மார்ல சுரங்கத்துக் கல்லுத்தூசி. எங்க வூட்டுக்காரும் இப்படித்தான் எளைச்சாரு. தெனம் ஒரு துண்டு வெல்லம் தின்னு, நெஞ்சக் கழுவும்.

கிளாரன்ஸ்: தின்றேங்கா.

கங்கம்மா: தின்னு. நான் போறேன், பார்வதம்மா என் எடத்துல அண்டாவ வெச்சுடுவா...

லூயிசா: ஷாஃப்ட்டுக்கு மேலயே நின்ன ஆளுக்கு எங்கேருந்துண்ணா டஸ்ட்டு?

கிளாரன்ஸ்: வுடு. டஸ்ட்டுன்னா இந்த ஊருக்குப் புரியுது. அம்மாவுக்கும் அதையேதான் சொல்லி வெச்சிக்கீறேன். ரத்தத்துல கேன்சர்னு சொன்னா கங்கம்மா கொடத்தப் போட்டுட்டு இங்கயே ஒப்பாரி வெச்சிருப்பா. ...நீ சொல்லு. வெடிச்சா?

லூயிசா: செமினார்ல இல்லாதத இன்னாத்துக்கு?

கிளாரன்ஸ்: என் ஒடம்புடி. உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நல்லா கீதா இது?

லூயிசா: ...மொதல்ல ஒக்காரு. பெட்டிய இங்க குடு, மிச்சத்த நான் போடறேன்.

கிளாரன்ஸ்: ஒக்காந்தாச்சு. சொல்லு.

லூயிசா: செல்லுக்குள்ள குரோமோசோம்னு கீது, நம்பர் போட்டு. ஒன்பதாம் நம்பர்ல ஒரு புரோட்டீனுக்கான எழுத்து. அடையாளம் வெக்கற துண்டு அதுலதான். அது பாட்டுக்கு வெச்சுக்கினே போவக்கூடாதுன்னு, தலைப்பக்கம் ஒரு பூட்டு. இருபத்திரண்டாம் நம்பர்ல வேற ஒண்ணு. இதுக்கும் அதுக்கும் பேச்சே கெடையாது.

கிளாரன்ஸ்: ஒன்பதாவது லெவல்காரனும் இருபத்திரண்டாவது லெவல்காரனும்.

லூயிசா: ம். ரெண்டும் ஒரு நாள் ஒடைஞ்சு, மாத்தி ஒட்டிக்குது. கோடிக்கணக்கான செல்லுல ஒரே ஒரு செல்லுல. பூட்டு போயிடுது. பூட்டு இருந்த எடத்துல இருபத்திரண்டோட துண்டு வந்து குந்திக்குது. அந்தத் துண்டுக்கு ஒரு குணம்... தன்ன மாதிரி இன்னொண்ணப் பாத்தா கட்டிப் புடிச்சுக்கும். கட்டிப் புடிச்சுக்கினு ஒண்ண ஒண்ணு உசுப்பி வுட்டுக்கினே கீது. வெளியேருந்து ஒருத்தரும் வளருன்னு சொல்லல. உள்ள மட்டும் போய்க்கினே கீது. வளரு, வளரு, வளரு... செத்துப் போன்னு சொன்னா கேக்கறதில்ல.

கிளாரன்ஸ்: யாரும் அடிக்காமலே மணி.

லூயிசா: ம்.

கிளாரன்ஸ்: நான் இன்னா பண்ணேன் அதுக்கு? சாராயமா? அந்த சுரங்கக் கழிவு கொட்டுன சயனைடு மேட்டுத் தூசியா?

லூயிசா: நீ ஒண்ணும் பண்ணல. பெரும்பாலும் காரணமே கெடையாதாம்.

கிளாரன்ஸ்: காரணம் இருந்தா நல்லா இருக்கும்ல... திட்டவாவது ஒரு ஆளு கெடைக்கும்.

லூயிசா: அதே வித்தைதாண்ணா. நம்மள மனுஷனா ஆக்குனதும் இந்த ஒட்டறதுதான். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒட்டிப் பாக்கும், அவ்வளவுதான். மாஸ்டரு, "நல்ல உதாரணம்மா, இத சேத்துக்கோ"ன்னாரு. நல்ல உதாரணமாம். நான் வேணாம்னு எடுத்துட்டேன்.

கிளாரன்ஸ்: சேத்துக்கோ. மார்க் கெடைக்கும்.

லூயிசா: ண்ணா!

கிளாரன்ஸ்: சரி, சரி... மாத்திரை ஒண்ணு வந்துக்கீதுன்னாரே டாக்டரு?

லூயிசா: அமெரிக்காவுல. இந்த வருஷம்தான். அடையாளம் வெக்கற துண்டுல ஒரு குழி கீது, அதுல போய் அடைச்சுக்குமாம். மொதல் கட்டத்துல கீறவங்களுக்கு நல்லா கேக்குதாம்.

கிளாரன்ஸ்: அடுத்த கட்டத்துல?

லூயிசா: அந்தப் புடவைய இந்தாண்ட தள்ளு.

கிளாரன்ஸ்: சும்மா கேட்டேன்.

லூயிசா: சில பேருக்கு கேக்கும், திரும்பி வந்துடும்னு போட்டிருந்துச்சு. நம்ம பக்கம் அது எப்ப வருமோ... நீ இன்னாத்துக்கு அடுத்த கட்டத்தக் கேக்கற?

கிளாரன்ஸ்: படிக்கறவ கிட்ட கேக்காம கங்கம்மா கிட்டயா கேக்கறது? வெல்லம் தின்னச் சொல்லுவா.

லூயிசா: கையக் காட்டு.

கிளாரன்ஸ்: இன்னாத்துக்கு?

லூயிசா: காட்டுண்ணா... இது இன்னா, நீலமா? போன வாரம் இல்லையே.

கிளாரன்ஸ்: ஆஸ்பத்திரி போயி வரப்ப ரயில்ல இடிச்சுக்கினேன். பங்காருபேட்டைல ஒரே கூட்டம்.

லூயிசா: ரெண்டு கைலயுமா?

கிளாரன்ஸ்: ரெண்டு பக்கமும் கூட்டம்.

லூயிசா: ஒடம்பு சுடுது.

கிளாரன்ஸ்: இஸ்திரிப் பெட்டி பக்கத்துல ஒக்காந்தா சுடாதா? நீ வேலையப் பாரு.

லூயிசா: ...உன் ஷிஃப்ட்டுல எறங்குன கொர்னேலியஸ் அண்ணனுக்கு அன்னைக்கு கொழந்தையப் பத்தி சேதி எப்ப வந்துச்சு?

கிளாரன்ஸ்: இப்ப இன்னாத்துக்கு அந்தக் கதை?

லூயிசா: சொல்லேன்.

கிளாரன்ஸ்: காலைல ஷிஃப்ட்டு எறங்கி கொஞ்ச நேரத்துல. ஆஸ்பத்திரிலேருந்து ஆளு ஓடி வந்தான். கொழந்தைக்கு மூச்சு இழுக்குதுன்னு.

லூயிசா: நீ எப்ப சொன்ன?

கிளாரன்ஸ்: ஷிஃப்ட்டு முடிஞ்சு மேல வந்தப்ப. விளக்கக் குடுத்துட்டு வந்து எங்கிட்ட பீடி கேட்டான், சிரிச்சுக்கினே. அப்பதான் சொன்னேன். பீடியக்கூட வாங்கல, ஓடுனான்.

லூயிசா: பாத்தாரா?

கிளாரன்ஸ்: அதுக்குள்ள துணி போத்திட்டாங்க.

லூயிசா: அவரு உங்கிட்ட இன்னா சொன்னாரு?

கிளாரன்ஸ்: ஒண்ணும் சொல்லல. அப்பலேருந்து பேச்சே இல்ல. கோயில்ல சமாதானம் சொல்லி கை குடுப்பாங்கல்ல... அப்பக்கூட அந்தாண்ட திரும்பிக்குவான்.

லூயிசா: அதுக்கப்பறமும் அதே வழக்கத்த எங்கிட்ட காட்டுன.

கிளாரன்ஸ்: உங்கிட்ட இன்னா காட்டுனேன்?

லூயிசா: உனக்கு இந்த நோய்னு டாக்டரு சொன்னது ஜனவரில. எங்கிட்ட நீ சொன்னது ஆகஸ்ட்ல.

கிளாரன்ஸ்: உனக்குப் பரீட்சைடி! ஏற்கெனவே ஒரு தடவ கெமிஸ்ட்ரில ஃபெயிலாயி, இனிமே படிக்கவே மாட்டேன்னு அழுதவ நீ. நான் சொல்லியிருந்தா புத்தகத்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு என் தலமாட்டுல குந்தியிருப்ப.

லூயிசா: குந்தியிருப்பேன். அப்பவே போய் ரத்தமும் குடுத்திருப்பேன்.

கிளாரன்ஸ்: பாஸ் பண்ணியிருக்க மாட்டே.

லூயிசா: பாஸ் பண்ணி இன்னா கிழிச்சேன்?

கிளாரன்ஸ்: ஃபர்ஸ்ட் க்ளாஸ் கிழிச்ச. நம்ம லைன் வூடுங்கள்ல இதுவரைக்கும் யாரு வாங்குனா? பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் ரிசல்ட்டு வரட்டும், புள்ள சந்தோஷமா ரெண்டு நாள் இருக்கட்டும்னு... தள்ளிப் போச்சு. எனக்கு அப்ப ஒடம்பும் நல்லாத்தான் இருந்துச்சு, வயித்துல கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான்.

லூயிசா: ரிசல்ட்டு இன்னாண்ணா? இப்ப சொல்லு. நான் மேல வந்துட்டேன்னு நெனைச்சுக்கோ.

கிளாரன்ஸ்: வுட மாட்டியே நீ.

லூயிசா: மாட்டேன்.

கிளாரன்ஸ்: ...பொருந்தல.

லூயிசா: பொருந்தலையா.

கிளாரன்ஸ்: லூயி.

லூயிசா: ம்.

கிளாரன்ஸ்: கூடப் பொறந்தவங்கன்னாலும் நாலுல ஒருத்தருக்குத்தான் பொருந்துமாம். நமக்கு அது வுழல. யாரு மேலயும் தப்பில்ல.

லூயிசா: நாலுல ஒண்ணு. ஆமா... நாங்களும் படிச்சோம்.

கிளாரன்ஸ்: பாத்தியா? நான் ஜனவரிலயே சொல்லியிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். அன்னைக்கு சொல்லியிருந்தா, அந்த மாசம் போயிருந்தான்னு நீ ஒக்காந்து கணக்குப் போடாத. உன் பரீட்சைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. புரியுதா?

லூயிசா: புரியுது.

கிளாரன்ஸ்: சம்பந்தமில்லன்னு சொல்லு.

லூயிசா: சம்பந்தமில்ல.

கிளாரன்ஸ்: பின்னாடி ஒரு நாள் அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சு கேட்டாலும், இதையேதான் சொல்லணும். தங்கச்சி குடுக்க ரெடியாத்தான் இருந்தா, ஆனா பொருந்தல. அவ்வளவுதான்.

லூயிசா: சொல்றேன்.

கிளாரன்ஸ்: அழுவறியா?

லூயிசா: இல்ல. கரிப் புகை.

கிளாரன்ஸ்: என்னப் பாரு. நான் சொன்னத நம்பறியா லூயி?

லூயிசா: நம்பறேன்னு சொல்லத்தாண்ணா திங்கக்கிழமைலேருந்து பழகிக்கினு கீறேன். அன்னைக்கே எஸ்டிடி பூத்துலேருந்து டாக்டருக்கு நான் போன் போட்டேன். "பாக்கற ஆறு அடையாளத்துல ஆறும் பொருந்துதும்மா, ஆனா நோய் முத்திப் போச்சு, ஏப்ரல் மே வாக்குல வந்திருந்தீங்கன்னா உன் மஜ்ஜைய ஏத்தியிருப்போம்"னாரு. நீ பொருந்தலன்னு சொன்னா நானும் ஆமான்னு தலையாட்டிடணும், எனக்குத் தெரியும்னு உனக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாதுன்னு இருந்தேன்... முடியலண்ணா.